கொசுறாகப் போனவர்

காய் வாங்கி முடித்ததும் கடைக்காரர் கையில் அகப்பட்டதைக் கிள்ளிப் பையில் போடுவாரே, அதற்குப் பெயர் கொசுறு. அதை யாரும் எடை போடுவதில்லை. வீட்டுக்கு வந்து அது எங்கே என்று தேடுவதும் இல்லை. என் வீட்டுக்காரரை எங்கள் கம்பெனி அப்படித்தான் மலைக்கடைக்குக் கொடுத்தது. இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல எனக்கு வெகு நாள் பிடித்தது. இப்போதும் முழுச் சிரிப்பு வரவில்லை.

எங்களுடையது மூக்குக் கண்ணாடிக் கம்பெனி. ரயிலடிக் கடை, சந்தைக்கடை, மலையூரில் மலைக்கடை என்று பல ஊர்களில் கடை உண்டு. கடைவீதிக் கடையில் நான் கண் பரிசோதிக்கிறவள். இருட்டறையில் ஆளை உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்பது என் பிழைப்பு. நான் எழுதித் தரும் பவருக்கு லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது பின்கட்டில் உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரரின் பிழைப்பு. கடைக்குள் அவர் என்னை 'மேடம்' என்பார். ஷட்டர் இறங்கியதும் 'ஏய்' ஆகிவிடுவேன்.

வீட்டில் மாமா இருக்கிறார், அதாவது என் மாமனார். பஸ் கண்டக்டராக ஓடி ஓய்ந்தவர். வாதம் வந்து கால் இரண்டும் உட்கார்ந்துவிட்டன, வாய் மட்டும் இன்னும் டபுள் பெல் கொடுத்துப் போய்க்கொண்டே இருக்கிறது. கனத்த சரீரம். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை அவரைத் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோக வேண்டும். அது மகனால்தான் ஆகும், என்னால் ஆகாது.

யாரை எந்தக் கடைக்கு மாற்றுவது என்பதை முன்பெல்லாம் முதலாளிதான் முடிவு செய்வார். போய் அழுதால் மாற்றுவார், இன்னும் கொஞ்சம் அழுதால் மாற்றாமல் விடுவார். குறையுள்ள ஏற்பாடுதான். ஆனாலும் அழுகை என்று ஒரு வழி இருந்தது.

அந்த வழியை அடைக்க வந்தவர்தான் புதிய மனிதவளத் தலைவர். தன்னை யாரும் சார் என்று கூப்பிடக் கூடாது, 'கோச்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்றார். சாரை விட்டுவிட எங்களுக்குப் பயம். ஆகவே 'கோச் சார்' ஆனார். சிலர் முதுகுக்குப் பின்னால் 'கோச்சுக்கிற சார்' என்றார்கள்.

கோச் சாருக்குக் கம்ப்யூட்டரில் பேஸ்பால் விளையாடும் பழக்கம் இருந்தது. பேஸ்பால் என்பது மட்டையால் பந்தை அடித்துவிட்டு நாலு மூலையையும் தொட்டு ஓடி வருகிற ஆட்டம். கம்ப்யூட்டரில் ஆடும்போது ஓர் அணி நம்முடையது, மற்ற அணிகளையெல்லாம் கம்ப்யூட்டரே நடத்தும். 'உன் ஆளைக் கொடு, என் ஆளைத் தருகிறேன்' என்று அந்த அணிகளோடு நாம் பேரம் பேசலாம். ஒத்துக்கொள்வதும் உதட்டைப் பிதுக்குவதும் கம்ப்யூட்டரின் இஷ்டம். கோச் சார் அந்தப் பேரம் பேசும் பகுதியை மட்டும் விளையாட்டிலிருந்து கழற்றி வாங்கி, எங்கள் தலையில் மாட்டினார். இனி ஒவ்வொரு கடையும் ஓர் அணி. நாங்கள் வீரர்கள்.

திறப்பு விழாவில் பேசினார். முதலாளி முன்வரிசையில் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு நிறுவனத்தை அரிக்கிற கரையான் மூணு. பாசம், பழக்கம், பரிதாபம். மெஷினுக்கு இந்த மூணும் கிடையாது. அதனாலதான் அது என்னைவிட நல்ல மனுஷன். யாரும் பயப்படாதீங்க. என் பேரையும் உள்ள போட்டிருக்கேன். நானும் தலைமை ஆபீஸ் டீம்ல ஒரு வீரன்தான். நாளைக்கே என்னைக் கொடுத்துட்டாலும் சிரிச்சுக்கிட்டே போவேன்!"

கைதட்டினோம். தட்டாதவர்களின் மதிப்பெண் குறையும் என்று ஒரு வதந்தி இருந்தது.

மெஷினின் நியாயங்கள் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கின. நாற்பது தாண்டியவருக்கு மதிப்பு பூஜ்ஜியம், ஏனென்றால் அந்த வயதில் யாரும் ஓடிப்போய் மூலையைத் தொட முடியாது. இருபத்திரண்டு வயதுக்காரர் இன்னும் ஒன்றுமே செய்யாவிட்டாலும் 'எதிர்கால நட்சத்திரம்'. சந்தைக்கடையில் ஒரு இளம் காவலாளி ஷட்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுத் தூங்குவான். அவனுக்காக இரண்டு கைதேர்ந்த லென்ஸ்காரர்களைக் கொடுத்தது ரயிலடிக் கடை. வந்த இடத்திலும் தூங்கினான், ஆனால் நட்சத்திரமாகத் தூங்கினான்.

யாருக்கு என்ன வேலை தெரியும் என்பது மெஷினுக்கு முக்கியமில்லை. ரயிலடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர்கள் மட்டும் ஏழு பேர் சேர்ந்துவிட்டார்கள், லென்ஸ் தேய்க்க ஒருவரும் இல்லை. கண்ணாடி கேட்டு வந்த ஒரு பெரியவரை ஏழு பேரும் பரிசோதித்து, ஏழு சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அவர் ஒன்றையும் படிக்க முடியாமல் வீடு போய்ச் சேர்ந்தார்.

இடது கைக்காரர்களுக்கு ஏக கிராக்கி. பேஸ்பாலில் இடது கையால் பந்து வீசுகிறவர் அபூர்வமாம். எங்கள் கடையில் பாதிப் பேர் இடது கையால் கையெழுத்துப் போடப் பழகினார்கள். மெஷின் கண்டுகொள்ளவில்லை.

எங்கள் கடை மேனேஜர் நல்ல மனிதர், மெஷினைக் கண்டால் நடுங்குவார். 'அணியை மெஷினே நடத்தட்டும்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஒரு டிக் போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனார். எல்லாக் கடை மேனேஜர்களும் அதைத்தான் செய்திருந்தார்கள். ஆக, மெஷின் தன்னோடு தானே பேரம் பேசிக்கொண்டிருந்தது. மலைக்கடையில் வரவேற்பில் நிற்கும் ஒரு பெண் இடது கைக்காரி என்று எங்கள் கடை மெஷினுக்குத் தெரியவந்தது. அவளைக் கேட்டது. பதிலுக்கு ஓர் உதவியாளர் பையனைத் தருவதாகச் சொன்னது. 'இன்னும் சற்றே சேர்த்தால் பரிசீலிப்போம்' என்றது மலைக்கடை. எங்கள் கடை மெஷின் சேர்த்தது. உத்தரவு இப்படி வந்தது: 'மலைக்கடைக்கு: உதவியாளர் ஒருவர். கூடுதல்: ஒரு நபர்.'

அந்த ஒரு நபர் என் வீட்டுக்காரர்.

"என்னைப் போய் ஏன்டி கேட்டாங்க?" என்றார், உத்தரவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.

"உங்களைக் கேக்கலீங்க. உங்களைச் சேர்த்துக் கொடுத்துட்டாங்க."

மலைக்கடை ஒரு பகல் முழுக்கப் பஸ்ஸில் போகிற தூரம். அவர் போனார். மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தங்கச்சி, இந்த இழவுப் பெட்டிய இனிமே நீயே பாத்துக்கம்மா" என்று கீபோர்டை என் பக்கம் தள்ளினார். முதல் வேலையாக அந்த டிக்கை எடுத்தேன். மலைக்கடையிடம் என் வீட்டுக்காரரைத் திருப்பிக் கேட்டேன்.

'தங்கள் முன்மொழிவு எங்கள் அணியின் கௌரவத்துக்குக் குறைவானது. அவர் எங்கள் தூண்' என்று பதில் வந்தது.

எங்களிடம் இருந்தபோது கொசுறு, அங்கே போய் இறங்கியதும் தூண். எதைக் கொடுத்தாலும் போதவில்லை.

அந்த வாரம் மாமாவைக் குளிப்பாட்ட நான் தனியாகத் தூக்கினேன். வாசற்படி தாண்டும்போது என் கால் வழுக்கியது. விழும்போது அவர் தலை தரையில் மோதாமல் நான் அடியில் கையைக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவரைத் தூக்கவும் முடியவில்லை, விட்டுவிட்டு எழுந்து போகவும் முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வேலை முடிந்து வரும்வரை ஈரத் தரையில் இரண்டு பேரும் கிடந்தோம். கடைசியில் மாமா, "என்னால உனக்கு எவ்வளவு கஷ்டம்மா" என்றார். எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். அப்படி ஒரு கோபம் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை.

மறுநாள் தலைமை அலுவலகம் போனேன். அது எங்கள் கடையிலிருந்து நான்கு தெரு தள்ளித்தான். கோச் சாரின் அறையில் ஒரு மட்டை மாட்டியிருந்தது. நடந்ததைச் சொன்னேன். கடைசிவரை கேட்டார். பிறகு மென்மையாகச் சொன்னார்:

"வருத்தமாத்தான் இருக்கும்மா. ஆனா உங்க மாமனார் எங்க டீம்ல இல்லையே."

"சரி சார். அவரைக் கூப்பிட வேண்டாம். என்னை மலைக்கடைக்கு அனுப்புங்க. மாமாவையும் கூட்டிட்டு அங்கேயே போயிடறோம்."

கம்ப்யூட்டரில் என்னைத் தேடினார். பார்த்ததும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தினார், தொற்றுநோய்க்காரியைக் கண்டதுபோல.

"உங்களை எந்தக் கடையும் எடுக்காதும்மா. போன மாசம் நீங்க செஞ்ச பிழை நானூத்திச் சொச்சம். கம்பெனியிலேயே நீங்கதான் முதல். உங்களை வேலையில வச்சிருக்கறதே முதலாளியோட பெருந்தன்மை."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரையைப் பார்த்த பிறகு புரிந்தது. கண் பரிசோதனை முடிந்ததும் நாங்கள் ஒரு கட்டம் நிரப்புவோம். கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்று வந்தவர் கண்ணில் இருக்கும் பார்வைக் கோளாறுக்கு அங்கே தலைப்பு 'பிழை'. பேஸ்பாலிலும் ஒரு 'பிழை' உண்டாம். வந்த பந்தைப் பிடிக்காமல் கோட்டை விட்டால் வீரர் கணக்கில் ஏறுவது. மெஷின் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

"சார், அது என் பிழை இல்ல. வர்றவங்க கண்ணுல இருக்கற பிழை."

கோச் சார் சிரித்தார். "எல்லாரும் இப்படித்தாம்மா, தன் பிழைக்கு அடுத்தவங்க கண்ணைக் குத்தம் சொல்லுவாங்க. ரயிலடிக் கடையில ஒருத்தர் இருக்கார். மூணு மாசமா ஒரு பிழை கிடையாது. அவரைப் பாத்துக் கத்துக்குங்க."

அந்த ஒருவரை எனக்குத் தெரியும். ஏழு பேரில் ஏழாவது ஆள். அவரிடம் பரிசோதனைக்கு யாருமே போவதில்லை.

வெளியே வந்தேன். இந்த ஆளை ஏதாவது செய்யாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது என்று தெரிந்தது. வரும் வழியில் விளையாட்டுச் சாமான் கடையில் அந்தப் பேஸ்பால் விளையாட்டையே வாங்கினேன்.

மாலை நேரங்களில் நானும் மாமாவும் விளையாடினோம். பந்தை ஒரு தடவைகூட வீசவில்லை. பேரம் மட்டும்தான். எங்கள் அணியில் உப்புக்குச் சப்பாணி மூன்று பேரைச் சேர்த்துக் கட்டி நீட்டினால், கம்ப்யூட்டர் தன் முதல்தரமான வீரனைத் தூக்கிக் கொடுத்தது.

"மூணு செல்லாக்காசு சேந்தா ஒரு நோட்டுன்னு நினைக்குது பாரு!" என்று மாமா தொடையைத் தட்டினார். "எங்க டிப்போ மேலாளர் அவதாரம் எடுத்து வந்திருக்கார்."

போன மாதத்தைத் தவிர வேறு எதையும் கம்ப்யூட்டர் பார்ப்பதில்லை. ஒரு மாதம் பிழை செய்தவனைத் தலையைச் சுற்றி வீசுகிறது. ஒரு மாதம் பிழையில்லாமல் இருப்பவனுக்காகக் குடும்பத்தையே அடகு வைக்கிறது. இன்னொன்றும் தெரிந்தது. 'இன்னும் சற்றே சேர்த்தால்' என்று சொன்னால் காரியம் முடிந்தது என்று அர்த்தம். அதன் மேல் ஒரு துரும்பைப் போட்டால் போதும்.

இவ்வளவும் தெரிந்த அன்றே மலைக்கடைக்குப் போன் போட்டேன்.

"ஏங்க, இனிமே ஒவ்வொரு லென்ஸ் தேய்ச்சதும் அதோட பவரை, உங்க பேருக்கும் ஒரு பிழைக் கட்டம் இருக்கே, அதுல எழுதுங்க."

"அது பொய்க்கணக்கு இல்லையா?" என்றார். உப்பு விற்கப் போனால் மழை பெய்யும் ஜாதகம் அவருடையது, ஆனால் பொய் சொல்ல மாட்டார்.

"பவர்னா என்னங்க? கண்ணோட பிழைதானே? பிழையைப் பிழைன்னு எழுதறதுல என்ன பொய்?"

சற்று யோசித்தார். "அதுவும் சரிதான்" என்றார்.

நான் என் பிழைக் கட்டத்தைக் காலியாக விட்டேன். வந்தவர்களுக்கு எப்போதும்போல் சீட்டில் சரியான பவரை எழுதிக் கையில் கொடுத்தேன். அவர்கள் நன்றாகப் பார்த்தார்கள். கம்பெனிதான் பார்க்கவில்லை.

மாதம் முடிந்தது. கம்பெனி சரித்திரத்திலேயே அதிகப் பிழை செய்தவர் என் வீட்டுக்காரர். 'யாராவது அழைத்துச் செல்லவும்' என்று மலைக்கடை எல்லாக் கடைகளுக்கும் அறிவித்தது. அதே மாதம், பிழையே செய்யாத வீராங்கனை நான். எனக்குக் கோப்பை கொடுக்கக் கோச் சாரே எங்கள் கடைக்கு வந்தார், முதலாளியையும் அழைத்து வந்தார்.

"போன மாசம் இவங்க என் ரூமுக்கு வந்து அழுதாங்க," என்று கோச் சார் பேசினார். நான் அழவில்லை. "நான் ஒரே ஒரு அறிவுரை சொன்னேன். இன்னிக்குப் பாருங்க! நானூறு பிழை எங்க, பூஜ்ஜியம் எங்க! இவங்க கண் டெஸ்ட் பண்றதைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சுக்கவும் மாட்டேன். அதுதான் நல்ல நிர்வாகம். தலைமை ஆபீஸ் மெஷினே இவங்க வேணும்னு துடிக்குது!"

அது எனக்குத் தெரியும். அன்று காலையே பார்த்திருந்தேன்.

அவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது உள்ளே போய் மூன்று அணிகளுக்கும் சேர்த்து ஒரே முன்மொழிவாக அனுப்பினேன். தலைமை அலுவலகத்துக்கு என்னைக் கொடுக்கிறேன். பதிலுக்குக் கோச் சாரைக் கொடுங்கள். அவர் மலைக்கடைக்குப் போகட்டும். மலைக்கடையின் பிழைக்காரரை எங்கள் கடை எடுத்துக்கொள்ளும். தலைமை அலுவலக மெஷின் பதறிவிட்டது. 'இத்தகைய வீராங்கனைக்கு எங்கள் மனிதவளத் தலைவர் ஒருவர் மட்டும் ஈடாக மாட்டார். இன்னும் என்ன வேண்டும்?' என்று கேட்டது. அந்தப் பதிலை நான் இரண்டு தடவை படித்தேன். சொந்தப் பிள்ளை பாஸான சேதிகூட அவ்வளவு இனிக்காது.

தலைமை அலுவலக வாயிற்காவலர் மலைப்பக்கத்துக்காரர். ஊருக்குப் போக வேண்டும் என்று வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார். அவரையும் சேர்த்துக் கேட்டேன். மெஷின் சம்மதித்தது. மலைக்கடை, என் வீட்டுக்காரரைத் தள்ளிவிட்ட சந்தோஷத்தில் எதையும் பார்க்காமல் சம்மதித்தது. உத்தரவு அச்சாகி வந்ததை மேனேஜர் எடுத்துக்கொண்டு போய் முதலாளியிடம் நீட்டினார். 'மலைக்கடைக்கு: வாயிற்காவலர் ஒருவர். கூடுதல்: ஒரு நபர்.'

"யாருய்யா அந்தக் கூடுதல்?" என்றார் முதலாளி.

கோச் சார் வாங்கிப் பார்த்தார். அடியில் பொடி எழுத்தில் அவர் பெயர் இருந்தது. டீ கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

"சார், இது... மெஷின்ல ஏதோ பிழை."

"பிழையா? மெஷின்லயா?" முதலாளி நிஜமாகவே குழம்பிப்போனார். "நீங்கதானே அதுக்குப் பிழையே வராதுன்னீங்க?"

"சார், என்னை... என் அனுபவம்..."

"சிரிச்சுக்கிட்டே போவேன்னு சொன்னீங்களே கோச்," என்றார் முதலாளி, குத்தலே இல்லாமல். அவருக்கு உத்தரவின்மேல் அவ்வளவு நம்பிக்கை. "கொஞ்சம் சிரிங்க. எல்லாரும் பாத்துட்டிருக்காங்க."

கோச் சார் சிரித்தார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

மறுநாளே என் வீட்டுக்காரர் வந்து இறங்கினார். பையைக்கூட கீழே வைக்காமல் மாமாவைப் போய்ப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் குளியலறையிலிருந்து, "மெதுவாடா, நான் என்ன லக்கேஜா?" என்று சத்தம் வந்தது. நான் அடுப்படியில் நின்று அழுதேன்.

மெஷின் யாருக்கு என்ன வேலை தெரியும் என்று பார்க்காது என்று சொன்னேன் அல்லவா? கோச் சாரின் இடத்துக்கு நான் வந்ததால், அவர் நாற்காலியும் வேலையும் என்னுடையதாயின. கண் பரிசோதிக்கிறவள் மனிதவளத் தலைவர் ஆனேன். யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. சுவரிலிருந்த மட்டையைக் கழற்றிவிட்டு அங்கே எழுத்துப் பலகையை மாட்டினேன். பெரியதிலிருந்து சின்னதாக எழுத்துகள் இறங்குமே, அது. ரயிலடிக் கடையில் ஆறு பேரை அவரவர் கேட்ட ஊருக்கு அனுப்பினேன். மெஷினுக்குப் பிடித்த மாதிரி மூன்று மூன்றாகக் கட்டி அனுப்பினேன். போக விரும்பாத ஒருவரை மட்டும்தான் நான் இதுவரை அனுப்பியிருக்கிறேன்.

அவர் போன வாரம் போன் செய்தார். மலைக்கடையில் அவருக்கு ஷட்டர் தூக்குகிற வேலை.

"மேடம், என் மனைவியால வீட்டைத் தனியாச் சமாளிக்க முடியலை. சின்னப் பிள்ளைங்க ரெண்டு. தினமும் போன்ல அழறா. நீங்க நினைச்சா..."

என் மாமனாரைப் பற்றி அவர் சொன்ன வாக்கியம் எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் அவருக்குக் காரணம் தெரிந்துவிடும். எனக்குக் காரணம் தெரியாமல்தான் அத்தனை நாள் போயிற்று. அவரும் கொஞ்சம் அப்படி இருக்கட்டும். அந்தப் பெண் பாவம்தான், பிள்ளைகளும் பாவம்தான். அதை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். இரக்கம் வருமா என்று நிஜமாகவே காத்திருந்தேன். வரவில்லை.

"இருங்க சார், கேட்டுப் பாக்கறேன்," என்று அவர் லைனில் இருக்கும்போதே முன்மொழிவை அனுப்பினேன். மலைக்கடையின் பதில் உடனே வந்தது. 'அவர் எங்கள் தூண். எனினும், இன்னும் சற்றே சேர்த்தால் பரிசீலிப்போம்.'

சேர்க்க ஆள் இருந்தார். மலைக்கடைக்குப் போகத் தயார் என்று அந்தப் பக்கத்துக்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்த தாள் என் மேஜைமேலேயே இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் போதும்.

"முடியாதுன்னுடுச்சு சார்," என்றேன்.

"இன்னொரு தடவை... கொஞ்சம் எடுத்துச் சொல்லிப் பாருங்க மேடம்."

"மெஷின்கிட்ட யார் சார் எடுத்துச் சொல்ல முடியும்?" என்றேன்.